தைத்த வாய்

நாய்க்குப் பாம்புப் பாடம் நடத்தப்போகிறோம் என்று வெள்ளைக்காரத் துரை சொன்னபோது அய்யாக்கண்ணுவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. துரையின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டான். கெலுகோர் தென்னந்தோப்பை ஒட்டியிருந்த அந்தப் பங்களாவில் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஒரே மாதத்தில் இரண்டு நாய்கள் போய்ச் சேர்ந்திருந்தன. பன்றியை விரட்டிக்கொண்டு புதருக்குள் பாய்வதும், நல்ல பாம்பு படமெடுத்தால் அது என்னவென்று மூக்கை நீட்டிப் பார்ப்பதும், மூக்கிலேயே கடி வாங்குவதும்தான் இரண்டுக்கும் நடந்தது. இரண்டையும் குழி தோண்டிப் புதைத்தவன் அவன்தான்.

மிச்சம் இருந்தது செம்பி ஒருத்தி. கண் திறக்காத குட்டியாக வந்தவளுக்குத் துணியில் பாலை நனைத்து ஊட்டி வளர்த்தான். இன்றைக்கும் அவன் கையிலிருந்துதான் முதல் கவளம் வாங்குவாள். உள்ளங்கையை நக்கித் துடைத்த பிறகுதான் தட்டுப் பக்கமே திரும்புவாள். அப்படி ஒரு செல்லம்.

"பத்து நாள்ல பெரிய வேட்டை. இவளும் செத்தா எனக்கு நாய் இல்ல. பாம்பு பார்த்தா ஓடணும். நீ படிச்சுக் குடு," என்றார் துரை, தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில்.

பாம்பைக் கொண்டுவந்தவர் ஷேக் அலாவுதீன். டத்தோ கிராமாட் பக்கம் வேரும் பட்டையும் விற்கிறவர். பாம்பு பிடிப்பதில் கெட்டிக்காரர். சாக்கை அவிழ்த்துத் தலையை அழுத்திப் பிடித்ததும், துரை சாக்குத் தைக்கும் ஊசியையும் தூண்டில் நரம்பையும் கையில் எடுத்தார்.

"பல்லைப் புடுங்குனா போதாதா தொரே?" என்றான் அய்யாக்கண்ணு.

"பல்லு மறுபடி முளைக்கும். தைச்சுட்டா பயம் இல்ல."

அலாவுதீனின் முகம் சுண்டிப்போயிற்று. "புடிக்கிறது என் தொழில் தம்பி. இதெல்லாம் என்ன அநியாயம்லா?" என்று அய்யாக்கண்ணுவிடம் முணுமுணுத்துவிட்டு, தலையைப் பிடித்தபடியே முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வாலைப் பிடித்திருந்த அய்யாக்கண்ணுவின் மணிக்கட்டைப் பாம்பு சுற்றி இறுக்கியது. ஊசி தோலுக்குள் இறங்கும்போதெல்லாம் அந்த இறுக்கம் கூடியது. ஆறு தையல். துரையோ சட்டைக்குப் பொத்தான் தைக்கிறவர் மாதிரி நிதானமாகத் தைத்து, நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தார். சீ! மனுஷன் வாய் வைக்கிற இடமா அது? அய்யாக்கண்ணு வேலியோரம் ஓடிப்போய்க் காலையில் குடித்த கஞ்சியை வாந்தியெடுத்தான்.

மறுநாளிலிருந்து பாடம். மண்ணெண்ணெய் டின்னிலிருந்து பாம்பைப் புல்லில் கவிழ்ப்பான். அது படமெடுக்கும். செம்பி வாலை ஆட்டிக்கொண்டு மூக்கை நீட்டுவாள். நீட்டிய கணம் அவள் முதுகில் ரோத்தான் பிரம்பு விழ வேண்டும். அடிப்பவன் அய்யாக்கண்ணு. துரையும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் கூத்துப் பார்க்கிறவர்கள் மாதிரி சிரித்தார்கள். தூ! அடிக்காமல் விட்டால் மூன்றாவது குழியைத் தோண்ட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடித்தான். ஓங்கித்தான் அடித்தான். நோகாத அடிக்கு எந்த நாய் பயப்படும்?

பாடம் முடிந்ததும் பாம்பை அள்ளி டின்னில் போட்டு மூடுவான். மனசு கேட்காது. அதே கையோடு ஓடிப்போய்ச் செம்பியைக் கட்டிப் பிடித்துத் தடவிக் கொடுப்பான். "உனக்காகத்தாண்டி தாயி, உன் உசுருக்காகத்தான்," என்பான். அவள் நடுங்கிக்கொண்டே நிற்பாள்.

நாலாம் நாள் தையல் போட்ட இடங்கள் பழுத்துவிட்டன. டின்னைத் திறந்தாலே முட்டை அழுகிய வாடையும் சீழ் வாடையும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. ஈ மொய்த்தது. பாம்பைத் தூக்கினால் மஞ்சளாக ஒரு நீர் விரலிடுக்கில் வழிந்தது. சவுக்காரம், சாம்பல், எலுமிச்சம்பழம் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் கை மணத்துக்கொண்டே இருந்தது. சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அந்த வாடைதான். செம்பிக்கும் கையால் ஊட்டாமல் தட்டில் வைத்ததோடு சரி.

"அந்தக் கையோட சட்டி பானையைத் தொட்டீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்," என்றாள் அவன் பெண்டாட்டி மீனாட்சி. "நாகத்தோட வாயைத் தைச்சு வச்சுக்கிட்டு வெள்ளைக்காரன் வெளையாடுறான். நீங்களும் கூடச் சேர்ந்து ஆடுறீங்க. நல்லா இருப்போமா நாம?"

"செம்பி பொழைக்க வேணாமா?"

"பொழைக்கட்டும். அதுக்கு இந்தக் கர்மமா?"

எட்டாம் நாள் சோதனை. பாம்பைத் தென்னை மட்டைக்கு அடியில் மறைத்து வைத்துவிட்டு, செம்பியைச் சங்கிலி இல்லாமல் அவிழ்த்து விட்டார்கள். துள்ளிக்கொண்டு வந்தவள் பத்தடி தூரத்திலேயே வாடை பிடித்து நின்றாள். முதுகு மயிர் சிலிர்த்தது, வால் வயிற்றுக்கடியில் போனது. மட்டையை விட்டு விலகி, பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். துரை கை தட்டினார். அய்யாக்கண்ணுவுக்கும் ஒரு நிம்மதி, பொய் சொல்வானேன். இனிமேல் எந்தப் புதருக்குள் போனாலும் பிழைத்துக்கொள்வாள்.

மறுநாள் மத்தியானம் பாம்பு செத்துக் கிடந்தது. "குப்பையில எறி," என்றார் துரை. மீனாட்சி சம்மதிக்கவில்லை. நல்ல பாம்பு செத்தால் வாயில் ஒரு காசு வைத்து, பாலூற்றி எரிக்காமல் விடுவார்களா? தோப்பின் கோடியில் மட்டைகளை அடுக்கினாள். தூக்குச் சட்டியில் பாலும் முந்தானையில் ஒரு சென்ட் காசுமாக வந்து நின்றாள்.

"காசை வைங்க."

வைக்க வாய் ஏது? அதுதான் தைத்துக் கிடக்கிறதே. அய்யாக்கண்ணு மூச்சை அடக்கிக்கொண்டு கத்தி முனையால் நரம்பை அறுத்தான். ஆறாவது தையல் அறுந்ததும் கீழ்த்தாடை தானாகத் தொங்கியது. உள்ளே நாக்கு என்று ஒன்று இல்லை. கறுத்த கூழ் இருந்தது, அதில் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. மீனாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கூழுக்குள்தான் விரலால் காசைத் தள்ளினான். அவனுக்குப் பாம்பின் மேல் அருவருப்பு வரவில்லை. அந்த விரலைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. வாலைப் பிடித்துக் கொடுத்த கை, ரோத்தானை வீசிய கை. எரிந்து முடிந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து தோல் சிவக்க மணலைப் போட்டுத் தேய்த்தான்.

பத்தாம் நாள் விடிந்ததும் வேட்டைக் கும்பல் வாசலில் கூடிவிட்டது. வேட்டைக்குப் போகும் நாளில் செம்பிக்கு இறைச்சி போட்ட சோறு. அய்யாக்கண்ணு பிசைந்து ஒரு கவளம் எடுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினான்.

"வா தாயி. பாடமெல்லாம் முடிஞ்சிருச்சு. வா."

கூண்டிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தவள் பத்தடி தூரத்திலேயே நின்றாள். முதுகு மயிர் சிலிர்த்தது. வால் வயிற்றுக்கடியில் போனது. நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டாள். பிறகு அவனை விட்டு விலகி, பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு போய்த் துரையின் பூட்ஸ் காலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"கெட்டிக்காரி! நல்லாப் படிச்சுட்டா," என்று துரை அவள் தலையைத் தட்டினார்.

வேட்டைக் கும்பல் புறப்பட்டுப் போனது. நீட்டிய கையில் கவளம் அப்படியே இருந்தது. அதைக் கீழே போட அய்யாக்கண்ணுவுக்கு மனம் வரவில்லை. தன் வாயிலாவது போட்டுக்கொள்ளலாம் என்று முகத்தருகே கொண்டுபோனான். கையில் இன்னும் அந்தச் சீழ் வாடைதான்.