பன்னிரண்டு அருவிகள்

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீட்டு மறியலால் கள்ளக்குறிச்சியில் பஸ் ஓடவில்லை. என் ஸ்டுடியோவுக்கும் ஆள் வரவில்லை. கல்வராயன் மலை அருவியைப் படமெடுக்கலாம் என்று கோமுகி ஆற்றோரமாக நடந்தேன். கேமராவில் இருந்தது ஒரே பிலிம், பன்னிரண்டு படம்.

அடிவாரத்தில் புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். அதன்மேல் நின்ற நாலைந்து பேர் என்னை மறித்தார்கள்.

"எங்கள ஒரு போட்டோ புடிச்சிட்டுப் போ சார்" என்றார் ஒருவர், தலையை வாரியபடி. தன் பெயர் தனவேலு என்றார்.

மலையைப் படமெடுக்க வந்தவனை மனிதர்கள் விடுவதில்லை. மறுக்க முடியாதவர்களிடம் ஸ்டுடியோக்காரர்கள் செய்வதையே செய்தேன். ஷட்டரைத் தொடாமல் பிளாஷை மட்டும் அடித்துக் காட்டினேன்.

மேலே வெளிச்சம் பிரமாதமாக இருந்தது. பன்னிரண்டையும் அருவிக்கே செலவழித்தேன்.

பத்து நாள் கழித்துத் தனவேலுவின் மனைவி ஸ்டுடியோவுக்கு வந்தாள். நான் அவர்களைப் பார்த்த மறுநாள் மறியலிலேயே அவர் இறந்துவிட்டாராம்.

"வூட்ல அவரு போட்டோ ஒண்ணுகூட இல்லீங்க. மரத்து மேல நின்னுக்கினு இருக்கசொல்ல நீங்க எடுத்தீங்களாமே."

"அந்தப் படம் மட்டும் விழலம்மா" என்றேன்.

அவள் சுவரில் ஒட்டியிருந்த அருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"இதுல எங்கனா ஓரமாக்கூட அவரு நிக்கலீங்களா?"