தீவனத்தில் பஜ்ஜி எண்ணெய்

என் தம்பி பிரேமுக்கு மூளை இருந்தால் அது செல்போனுக்குள்தான் இருக்க வேண்டும். புருஷன் போன பிறகு எனக்குப் பிழைப்பே அந்த எட்டுப் பன்றிக்குட்டிகள்தான். குச்சிக்கிழங்குத் தோலும் சாமைத் தவிடும் தின்று நன்றாகத்தான் வளர்ந்தன. ஆனால் என் தம்பித் துரைக்கு அது போதவில்லை. ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, வாசலூர்பட்டி படகு இல்லத்துப் பஜ்ஜிக் கடைகளில் மிஞ்சும் கருத்த எண்ணெயை டின் டின்னாகச் சுமந்துவந்து தீவனத்தில் ஊற்றினான்.

"சிக்கு வாடை குடலைப் புரட்டுதுடா," என்றேன்.

"கொழுப்பு போட்டாத்தானக்கா கொழுப்பு வரும்? உனக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரியாதுதான். அவனுக்குத் தெரியும் என்று நம்பினேன் பாருங்கள், அதற்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொழுகொழுவென்று இருந்த இரண்டு குட்டிகள் ஒரே வாரத்தில் நின்ற இடத்தில் விழுந்து செத்தன. கால்நடை டாக்டர் அருணா வந்து ஒன்றை அறுத்துப் பார்த்தார். கொழுப்பு மஞ்சளாக இருந்தது. இதயமெல்லாம் ரத்தத் திட்டு. பிரேம் எட்டிப் பார்த்து, "நெய்யாட்டம் இருக்குதுங்க டாக்டர்," என்றான். பெருமை வேறு.

"கெட்டுப்போன எண்ணெய் உடம்புல இருக்கற வைட்டமின் ஈ எல்லாத்தையும் அழிச்சிடும். வளர்ற குட்டிக்கு அது இல்லாட்டி இதயம் தாங்காது," என்றார் டாக்டர். எண்ணெயை அன்றே நிறுத்தச் சொல்லி, மீதி ஆறு குட்டிகளுக்கும் தினம் கொடுக்க வைட்டமின் ஈ மாத்திரை எழுதித் தந்தார்.

எனக்கு மிளகு பறிப்பு வேலை. மாத்திரை கொடுக்கும் பொறுப்பை அவனிடமே விட்டேன். இரண்டு சாவுக்குப் பிறகாவது புத்தி வந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இன்னொரு குட்டி விறைத்துக் கிடந்தது. உள்ளே ஓடினேன். பிரேம் கண்ணாடி முன்னால் நின்று, பச்சை மாத்திரையைக் கத்தரித்துப் பிழிந்து கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். காலடியில் காலி அட்டைகள். ஒரு குட்டிக்கும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

"மூஞ்சிக்கு நல்லதாமாக்கா. இன்னிக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்க வாராங்கல்ல?"

அழுகை வந்தது. இவன் முன்னால் அழுவது கண்ணீருக்குக் கேவலம் என்று அடக்கிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு, எங்கள் மலையிலேயே இருக்கும் பைல் நாட்டிலிருந்து பெண்ணின் அப்பா செல்லமுத்து வந்தார். மாப்பிள்ளையின் முகக்களையை மெச்சினார். பட்டியைப் பார்த்துவிட்டு, "பன்னி எத்தனைங்க வளக்கறீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"எட்டு இருந்துச்சுங்க. ரெண்டு எண்ணெயில போச்சு. ஒண்ணு, மாப்பிள்ள மூஞ்சியில மினுங்குது பாருங்க."