டஸ்டினின் அடக்கம் தள்ளிப்போன நாள்

ஓஹையோ ஆற்றோரத்தில் ஒரு சிறு ஊரில் ‘ஸ்ட்ரவுட்’ என்ற என் பெயரிலேயே இறுதிச் சடங்கு இல்லம் நடத்துகிறேன். போதையில் மூச்சு நின்றவர்களை எழுப்பும் நலோக்சோன் மருந்தைச் சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தி கொடுத்துவிட்டுப் போனாள். மூக்கில் பீய்ச்ச வேண்டும். "இங்க வர்றவங்களுக்கு இது எதுக்கு? லேட்டாத்தானே வர்றாங்க" என்றாள் என் மனைவி. ஜெபப் புத்தகங்களோடு போட்டுவைத்தேன்.

டஸ்டினுக்கு இருபத்தாறு வயது. அதே போதைதான் எமன். அவன் விழுந்தபோது கூட இருந்த வேட், போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டான். அடக்கத்துக்கு அவனும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். டஸ்டினின் அம்மா லோர்னா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாதிரியார் தொண்டையைச் செருமியபோது வேட் கழிப்பறைக்குப் போனான். இரண்டு பாட்டு முடிந்தும் வரவில்லை. சாவி போட்டுத் திறந்தேன். தரையில் கிடந்தான். உதடு நீலம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிக் கத்திவிட்டு, ஜெபப் புத்தகங்களோடு கிடந்த மருந்தை எடுத்துவந்து ஒரு மூக்குத் துளையில் பீய்ச்சினேன். வாயில் வாய் வைத்து ஊதினேன். அசைவில்லை. மூன்று நிமிடம் கழித்து மறு துளையில் பீய்ச்சினேன். இருமினான்.

"எங்க இருக்கேன்?"

"சவ வீட்டுல."

கொஞ்சம் யோசித்தான். "செத்துட்டேனா?"

"இல்ல. செத்தவங்க எங்க வீட்டுக்குப் பின்வாசல் வழியாத்தான் வருவாங்க."

"யாருய்யா உன்கிட்ட என்னை எழுப்பச் சொன்னது?" என்று வைதுவிட்டு என் காலணி மேல் வாந்தி எடுத்தான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டும் வரமாட்டேன் என்றான். "மருந்து ஒரு மணி நேரம்தான் தாங்கும், தம்பி. அப்புறம் மறுபடி மூச்சு நின்னுடும்" என்றார்கள். அவன் சுவரைப் பார்த்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லோர்னா வந்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏறுடா. நானும் வர்றேன்."

"லோர்னா, அடக்கம் பாதியில நிக்குது" என்றேன்.

"என் பையன் இனி எங்கயும் போகமாட்டான், ஸ்ட்ரவுட். காத்திருப்பான்."

வேட் தலையைக் குனிந்தபடி ஏறினான். நாங்கள் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். வந்தவர்கள் பன்றி இறைச்சி சாண்ட்விச்சைத் தின்று தீர்த்தார்கள். பாதிரியார் இரண்டு தரம் தூங்கினார். லோர்னா திரும்பி வந்து, "மூச்சு சீரா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பிறகுதான் அழுதாள். நாலு மணிக்கு டஸ்டினை அடக்கம் செய்தோம்.

வேட் இன்னும் இருக்கிறான். போன வாரம் மளிகைக் கடையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் வேறு வரிசைக்கு மாறிக்கொண்டான். என் தொழிலில் அது சகஜம்.