மூடாத தொட்டி

விண்வெளிக்குப் போய்வந்த மீன்களின் பேரக்குஞ்சுகள், பிறந்த மூன்றாம் நாள் தண்ணீரை விட்டு எழும்பி ஆய்வுக்கூடத்துக் காற்றில் நீந்தத் தொடங்கின. மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லி இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். போய்வந்த மீன்களின் பிள்ளைகளிடம் ஒரு குறையும் இருக்கவில்லை. கதிர்வீச்சு ஒரு தலைமுறையைத் தாண்டி அடுத்ததில் கை வைத்திருந்தது. இதை நிறுவிய ஆய்வாளனைக் கூடத்தில் எல்லோரும் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். அவன் மனைவி அதே விண்கலத்தில் மீன்களைப் பார்த்துக்கொள்ளப் போய்வந்தவள். ஊர் திரும்பி, மகளைப் பெற்ற கையோடு இறந்துபோனாள். மகளுக்கும் ஒரு குறையும் இல்லை. அவன் வீட்டுக்கு வந்து, தூங்கும் குழந்தையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றான்.

அந்த இன மீன் தன் முட்டையைத் தானே தின்னும். அதனால் தாயின் வயிற்றில் கொத்தாகத் தொங்கும் முட்டைகளை விரலால் கிள்ளி வேறு தொட்டியில் விடுவார்கள். குஞ்சுகள் மிதந்து வெளியேறாதபடி ஜன்னல்களுக்கு வலை அடித்தார்கள். தாய்களின் தொட்டியை மூட யாருக்கும் தோன்றவில்லை. காலையில் தாய்மீன்கள் தரையில் காய்ந்து கிடந்தன. “பெத்ததைத் தின்னத் தாவுதுங்க. என்ன பசியோ!” என்றார் இயக்குநர். ஆய்வாளனும் அப்படியே எழுதினான். தொட்டி காலியாகும்வரை தினமும் கூட்டி அள்ளினார்கள்.

மகள் வளர்ந்தாள், படித்தாள், பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை வேண்டாம் என்று அவளிடம் சொல்ல ஆய்வாளன் வாயெடுத்தபோதெல்லாம், அவளை வளர்த்த பெரியம்மா தடுத்தாள். “வாயைக் கட்டுங்க தம்பி. மீனையும் மகளையும் ஒரே தொட்டியில போடாதீங்க.” மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவன் வீட்டு ஜன்னல்களுக்கு வலை அடித்தான், கூரையின் உட்புறம் முழுக்கப் பஞ்சு மெத்தை தைத்தான். “கூரைக்கு மெத்தை போட்ட தாத்தாவை இப்பத்தான் பார்க்கிறேன்” என்றாள் பெரியம்மா.

பிறந்த மூன்றாம் நாள் குழந்தை காற்றில் எழும்பியது. மெத்தையில் முட்டி, கொட்டாவி விட்டுத் தூங்கியது. அத்தனை வருடங்களில் அவன் முதன்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டான். பால் கொடுக்க இறக்கி ஏற்ற மருமகன் ஏணி வாங்கிவந்தான்.

மகள் ஏணியைத் தொடவில்லை. குழந்தையை நோக்கி நாற்காலியிலிருந்து தாவினாள், பிறகு மேசையிலிருந்து. அலமாரி உச்சியிலிருந்து தாவி விழுந்தபோது தோள் எலும்பு முறிந்தது.

“ஏணி இருக்கேம்மா.”

“ஏணியில ஏறினா கைக்கு எட்டும்பா. ஆனா தாவணும் போலவே இருக்கு.”

“பசிக்குதா?”

“பசியா? என்னப்பா கேக்குற? அது அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன். அவ்வளவுதான்.”

 அவன் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து, ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறுமுனையைக் கட்டில் காலிலும் கட்டினான். கட்ட வாகாக அவளும் நல்ல கையைத் தூக்கிக் காட்டினாள்.

குழந்தைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. அறைக்கு அறை இஷ்டம்போல நீந்துகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து அதைக் கொஞ்சிவிட்டு, கயிற்றில் கால் இடறாமல் தாண்டிப்போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.