லென்ஸ் ஊறிய தண்ணீர்

டப்பாவில் லென்ஸ் மூழ்கியிருந்த மருந்தைக் கொட்டிவிட்டு, அம்மா கேன் தண்ணீரை ஊற்றி மூடினாள். மறுநாள் காலை இளவேனில் அக்காவைப் பெண் பார்க்கத் தொட்டியத்திலிருந்து வருகிறார்கள். கண்ணாடி போட்ட பெண் வேண்டாம் என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அதனால்தான் கண்ணுக்குள் போடும் இந்த லென்ஸ்.

“அம்மா, அதுல மருந்துதான் ஊத்தணும்.”

“நாலு நாளா அதே தண்ணி, கொழகொழன்னு கெடக்கு. இது சுத்தமான தண்ணி. பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டவ எனக்குப் பாடம் எடுக்குறியா?”

மன்னார்புரத்தில் லென்ஸ் வாங்கியபோது அக்காவோடு நானும் போயிருந்தேன். கடைக்காரர் அருள்ராஜ் அதை விரல் நுனியில் ஏந்திக் காட்டினார்.

“பாக்க பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். ஆனா இது ஜெல்லிம்மா, பாதி தண்ணிதான். கண்ணீர்ல இருக்குற அளவு உப்பு இந்த மருந்துலயும் இருக்கு. அதனாலதான் அளவு மாறாம நிக்குது. வெறும் தண்ணியில போட்டா குடிச்சு ஊதிடும். ஊதினதைக் கண்ணுல வச்சா, கண்ணீர் உப்பு அதைச் சுருக்கும். சுருங்கினா கருவிழியைக் கவ்விக்கும்.”

காலையில் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று படுத்தேன். விடிந்ததும் வீடு நிறைய ஆட்கள். ஆட்கள் இருந்தால் எனக்குப் பேச வாய் வராது. பூ வாங்கிவந்து அறைக்குள் நுழைந்தபோது, அக்கா இரண்டு கண்ணிலும் லென்ஸைப் போட்டு முடித்திருந்தாள்.

காபித் தட்டை நீட்டும்போதே அவளுடைய வலது கண்ணில் நீர் வழிந்தது.

“என்னம்மா, இப்பவே அழுவுற? எம் மவன் மூஞ்சியையே நீ இன்னும் சரியாப் பாக்கலியே!” என்றார் மாப்பிள்ளையின் அம்மா வெள்ளையம்மாள். கூடமே சிரித்தது. “கண்ணப் பாருங்க, என்னமா மின்னுது!”

அக்காவும் சிரித்தாள். அன்றே நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் அக்கா கழற்ற, இடது லென்ஸ் வந்துவிட்டது. வலது வரவில்லை.

“நகத்தால கிள்ளி எடுத்துடு,” என்றாள் அம்மா.

நான் கண்ணுக்குப் போன அக்காவின் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, அம்மாமண்டபம் சாலையில் இருந்த மருந்துக் கடைக்கு ஓடினேன். உப்புக் கரைசல் சொட்டு மருந்தை அரை மணி நேரம் விட்டுக்கொண்டே இருந்த பிறகுதான் லென்ஸ் நகர்ந்தது.

“ஏன்டி இப்படி ஒட்டுச்சு?” என்று என்னைக் கேட்டாள் அக்கா.

அக்காவின் தோளுக்கு மேலாக அம்மா என்னைப் பார்த்தாள். “புதுசுல அப்படித்தான் இருக்கும்,” என்றாள். நான் பாட்டிலை மூடினேன்.

ஐந்தாம் நாள் அக்கா ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். ஏழாம் நாள் சாப்பிடவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “தரகர் வீடு நாலு வாசல் தள்ளி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா அடுத்த நிமிஷம் தொட்டியத்துக்குச் சேதி போயிடும். நிச்சயம் முடியட்டும்,” என்றாள் அம்மா.

ஒன்பதாம் நாள் அக்கா இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, “நீ எங்க நிக்கிற?” என்று கேட்டாள். நான் அவளுக்கு நேர் எதிரே நின்றிருந்தேன்.

அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து பஸ் ஏறினோம். காவிரிப் பாலத்தில் வெயில் பட்டதும் அக்கா துப்பட்டாவை முகத்தில் அழுத்திக்கொண்டு என் மடியில் கவிழ்ந்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவி வழியாக வெகுநேரம் பார்த்தார்.

“கருவிழியில வெள்ளையா வளையம் கட்டுது. லென்ஸை எதுல ஊற வச்சீங்க?”

“மருந்துலதான்,” என்றாள் அக்கா.

“தண்ணி பட்டுச்சா? ஒரு தடவைகூட? தண்ணியில இருக்குற ஒரு கிருமி இப்படிப் பண்ணும். அதுக்கு மருந்தே வேற. தப்பான மருந்துல ஆரம்பிச்சா கண்ணு போயிடும்.”

“படவே இல்ல டாக்டர். சத்தியமா.”

டாக்டரம்மா சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அறையில் நர்ஸும் வேறு நான்கு பேரும் இருந்தார்கள்.

“கேன் தண்ணி,” என்றேன். “ராத்திரி முழுக்க.”

பேனா நின்றது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்போ?”

“அம்மா ஊத்தும்போதே.”

கருவிழியைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அசையக் கூடாது, தலையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் எழுந்தேன்.

“இவ வேண்டாம்,” என்றாள் அக்கா.