என் பெயர் வெட்டிய பாத்திரங்கள்

செம்பாக்கத்தில் எங்கள் அடுத்த வீடு ஹிதாயத்துல்லா பாயுடையது. மேற்குத் தாம்பரத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். ஊரே அவரை பக்கெட் பாய் என்றுதான் கூப்பிடும். அவருக்கும் அதில் பெருமைதான். வீட்டில் குடம், தட்டு, குழம்பு டப்பா எல்லாம் கடைச் சரக்கு. கொதிக்கக் கொதிக்க ரசத்தை இறக்கி நேராக பிளாஸ்டிக் ஜாடியில் ஊற்றுவார்கள். தொண்ணூற்றாறில் யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை, நானும்தான்.

அந்த வருஷம் அவர் மனைவி ஜஹீராவுக்கு மாதவிலக்கு நிற்கிற நேரம். மார்கழிக் குளிரிலும் ஃபேனுக்கடியில் வேர்த்துக் கொட்டும். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று முகம் சிவந்து முந்தானையால் விசிறிக்கொள்வாள். சரியான தூக்கம் கிடையாது. எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டதால் நான்தான் அவளை சேலையூர் லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன் அடுப்படியைப் பற்றி விசாரித்தார்.

"இது வியாதி இல்லம்மா, வயசு. உடம்புல ஹார்மோன் ஏற்கனவே தடுமாறிட்டிருக்கு. சில பிளாஸ்டிக்ல சூடா எதையாவது வெச்சா, ஹார்மோன் மாதிரியே நடிக்கிற கெமிக்கல் அதுல இறங்குதுன்னு ஆராய்ச்சி பண்றாங்க. முழுசா நிரூபிக்கல. இதால உங்க வேர்வை நின்னுடும்னும் நான் சொல்ல மாட்டேன். ஆனா குறைச்சுக்கலாம். சூடான சாப்பாட்டை எவர்சில்வர்லயோ கண்ணாடிலயோ வையுங்க. கரப்பான் ஸ்ப்ரேயை அடுப்படியில அடிக்காதீங்க. காய்கறியை நல்லா கழுவுங்க."

ஸ்ப்ரேயை அன்றைக்கே நிறுத்தினாள். காய்கறி கழுவ யார் அனுமதியும் வேண்டாம். பாத்திரத்துக்குத்தான் வேண்டியிருந்தது. அவள் கேட்டதும் பாய் சிரித்தார்.

"பிளாஸ்டிக்ல துன்னா ஒடம்பு எரியும்னா, தாம்பரமே எரிஞ்சிகினு இருக்கணுமே! பக்கெட் பாய் வூட்லயே பிளாஸ்டிக் வாணாமாம்னு எவனாச்சும் சொன்னா, நாளைக்கு கடையில எவன் ஏறுவான்?"

கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் அவள் உடம்பைப் பற்றிக் கேட்டாள், அவர் கடையைப் பற்றிப் பதில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வீட்டு விவகாரம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஜஹீரா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எவர்சில்வர் கடைக்குப் போனாள். மூடி போட்ட டப்பாக்களாகப் பார்த்து எடுத்தாள். பெயர் வெட்டுகிற ஆள் மெஷினை எடுத்து, "இன்னா பேரும்மா போடணும்?" என்றான். ஜஹீரா என் முகத்தைப் பார்க்காமல், "சாமுண்டீஸ்வரி" என்றாள். அது என் பெயர். நான் திருதிருவென்று விழித்தேன். அவ்வளவு நீளப் பெயருக்கு மூடியில் இடமில்லை என்று அவன் 'சாமுண்டி'யோடு நிறுத்திவிட்டான்.

அவள் திட்டம் ஒருவிதத்தில் சரிதான். இரவல் பாத்திரம் என்றால் பாய் கண்டுகொள்ள மாட்டார், கடை மானமும் போகாது. இரவல் பொருளை வீட்டில் வைத்துக்கொள்வது அவருக்கு ஆகவே ஆகாது என்பதை மட்டும், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் எப்படி மறந்தாளோ! வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர் மூடியில் என் பெயரைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாதென்று உள்ளே பேரீச்சம்பழம் வேறு. அவர் கடைக்குப் போனதும் ஜஹீரா காம்பவுண்டு சுவருக்கு மேலே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அடுத்த வெள்ளியும் இதே கூத்து. அந்தத் தடவை சர்க்கரை.

அதற்கடுத்த வெள்ளி, பாத்திரங்களோடு ரோஜா நிற பிளாஸ்டிக் டப்பா செட் ஒன்றையும் கொண்டுவந்தார்.

"உங்களுக்குத்தான்க்கா. நீங்க குடுத்துகினே கீறீங்க. நாங்க சும்மா வாங்கிகினா நல்லாருக்குமா?"

ஜஹீரா பின்னாலேயே ஓடி வந்திருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பாய், இதை நான் வாங்கிக்க மாட்டேன். அந்தப் பாத்திரத்தையும் வாங்கிக்க மாட்டேன். அது யாரோடதுன்னு உங்க வீட்டுல கேளுங்க" என்றேன்.

ஜஹீரா தலை குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"என்னோடதுதாங்க. உங்க கடைக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு அக்கா பேரப் போட்டேன். எனக்கு எரியுதுன்னு எத்தினி தபா சொன்னேன்? ஒரு தபாவாச்சும் எங்க எரியுதுன்னு கேட்டீங்களா?"

பாய் எவர்சில்வர் டப்பாக்களை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஜஹீராவைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

வேர்வை அதற்குப் பிறகும் ரொம்ப நாள் இருந்தது. பின்னால் குறைந்தபோது, அது பாத்திரத்தாலா வயதாலா என்று யாருக்கும் தெரியவில்லை.

சில நாள் கழித்து பல்பு வாங்கப் போனவள் பாய் கடையில் எட்டிப் பார்த்தேன். காட்டாங்குளத்தூரில் ஹாஸ்டல் சமையல் பார்க்கிற ஓர் அம்மா, கூடை நிறையச் சாமான் எடுத்து வைத்துவிட்டு, கடைசியாக ஒரு பெரிய ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"பாய், பசங்களுக்கு சாம்பார் சூடா ஊத்தி வெக்கணும். தாங்குமா?"

தாங்கும் என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்தியிருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும்.

"தாங்கும்மா. ஆனா ஊத்தாத. தண்ணி, பருப்பு, இன்னா வேணா வெச்சிக்கோ. சூடா மட்டும் வாணாம்."

"ஏன், இன்னா ஆவும்?"

"எங்க வூட்ல வாணாம்ட்டாங்க."

அந்த அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். கூடையை அப்படியே வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள். பாய் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அடுக்கினார்.