அனேத்தா அத்தையிடம் பேசியது யார்

“என் குரலை அந்த மெஷின்லேர்ந்து எடுத்துடுங்க சார். இன்னைக்கே.”

ஸ்மராந்தா உட்காரவில்லை. வணக்கம்கூடச் சொல்லவில்லை. காபிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன ஹோரியாவின் கை பாதியில் நின்றது. கூட வந்த பாவத்துக்குக் கதவோரம் நின்றிருந்த டோரு, கண்களை இறுக மூடிக்கொண்டான்.

டோரு அவளுடைய டீம் லீடர். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருந்தான்: “சம்பளம் கூடக் கேளு, லீவு கேளு, எதை வேணா கேளு. குரலைத் திருப்பிக் குடுன்னு மட்டும் கேட்டுடாதே. ரலூகான்னு ஒருத்தி கேட்டா. அவளுக்கு வேலை போச்சு. அவ குரல் மட்டும் இன்னும் ஏதோ பேங்க்ல வேலை பாத்துக்கிட்டிருக்கு.” அப்போது ஸ்மராந்தாவுக்குச் சிரிப்புதான் வந்தது.

“உட்காரும்மா,” என்றார் ஹோரியா. கம்பெனியின் யாஷ் நகரக் கிளைக்கு அவர்தான் தலைமை. யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். “என்ன நடந்துச்சு, சொல்லு.”

என்ன நடந்தது என்று எங்கிருந்து சொல்வது?

வலேனி கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை படித்து முடித்த முதல் ஆள் அவள். அப்பா டிராக்டர் ஓட்டுபவர். முதல் வருஷம் வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தி வாசித்ததும் பின் பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மால்டாவியா வட்டாரத்துப் பட்டிக்காட்டுப் பேச்சு. “மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா?” என்று படிப்பு முடியும்வரை கேட்டார்கள். நாக்கை மடக்கி, பல்லைக் கடித்து, அந்தப் பேச்சை அவள் தன் வாயிலிருந்து கழுவித் துடைத்தாள். கழுவி முடித்த கையோடு இந்தக் கம்பெனி கூப்பிட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அதே பட்டிக்காட்டுப் பேச்சுதான்.

“உங்க ஊர்ல அக்கம்பக்கத்துல எப்படிப் பேசுவியோ, அப்படிப் பேசு,” என்றார்கள். பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் மைக்கின் முன்னால் வாரக்கணக்கில் பேசினாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். பெருமூச்சு விடச் சொன்னார்கள், விட்டாள். மைக்கைப் பார்த்துப் பேச வரவில்லை என்பதால் பக்கத்து வீட்டு அனேத்தா அத்தை எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள். “அத்தே, ஜோயானா இன்னைக்குப் பால் குடுத்தாளா? உங்க முட்டி வலி எப்படி இருக்கு?” என்று இல்லாத அத்தையிடம் விசாரித்தாள். ஜோயானா அத்தையின் மாடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

அந்தக் குரலை ஒரு டெலிபோன் கம்பெனிக்கு விற்றார்கள். மால்டாவியா முழுக்க யார் இன்டர்நெட் பழுதென்று போன் போட்டாலும், வேண்டாம், நிறுத்துங்கள் என்று போன் போட்டாலும் அதுதான் எடுக்கும். அதுவே கேட்கும், அதுவே யோசிக்கும், அதுவே பதில் சொல்லும். நிறுத்த வந்தவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஸ்மராந்தாவின் அம்மா இதை மெஷின் என்று எந்த வீட்டிலும் சொல்லவில்லை. “போன் போட்டா எம்பொண்ணுதான் எடுப்பா,” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் புனித பரஸ்கேவா திருநாள் வரிசையில்தான் ஸ்மராந்தா அனேத்தா அத்தையைப் பார்த்தாள். அக்டோபரில் நகரம் முழுக்க அந்த வரிசைதான். பேராலயத்தில் தொடங்கி, தெருத் தெருவாகச் சுற்றி, இந்த அலுவலக வாசல்வரை வந்திருந்தது. புனிதையின் பேழையைத் தொட்டு முத்தமிட ராத்திரி பகலாக நிற்பார்கள். வலேனிப் பெண்கள் கம்பளியும் பிளாஸ்டிக் முக்காலியுமாக ஒரு மரத்தடியில் இருந்தார்கள். ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொள்ளக் கையை விரித்தாள். அத்தை நகர்ந்துகொண்டாள். இடது கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது.

“அத்தே, கண்ணுக்கு என்ன?”

“என்னையவா கேக்குற? நீதானத்தா சொன்ன, ஒரு வாரம் கழிச்சுப் போனா ஒண்ணும் ஆகாதுன்னு.”

“நான் எப்பச் சொன்னேன்?”

“பாருங்கடி, எப்பச் சொன்னேங்குறா!” அத்தை மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “கண்ணுல கருப்பாத் திரை எறங்குது, செவ்வாக்கெழமையே யாஷ் ஆசுபத்திரிக்கு ஓடுன்னாரு டாக்டரு. அதுக்கு மொத நா, இன்டர்நெட்டு வேலை செய்யல, ஸ்பெயின்ல இருக்கற எம்மவன் மூஞ்சியப் பாக்க முடியல, வேணாம், நிறுத்துன்னு போனு போட்டேன். இவதான் எடுத்தா. ‘நிறுத்தாதீக அத்தே, செவ்வாக்கெழமை ஆளு அனுப்புறேன், வீட்டுலயே இருங்க’ன்னா. எனக்குக் கண்ணு ஆசுபத்திரி இருக்கேத்தான்னேன். ஒரு வாரம் தள்ளிப் போனா ஒண்ணும் ஆகாதுன்னா. படிச்ச புள்ள சொல்லுதேன்னு இருந்தேன். ஆளும் வரல. கண்ணும் போச்சு.”

“அது நான் இல்ல அத்தே! அது மெஷினு!”

“ஸ்மராந்தாவான்னு கேட்டேன். ஆமா அத்தேன்னுச்சு. ஜோயானாவ விசாரிச்சுச்சு. மெஷினுக்கு எம்மாட்டுப் பேரு எப்படித்தா தெரியும்?”

யாரோ ஒருத்தி, “விடுங்கக்கா, பட்டணத்துக்குப் போனா நாக்கு பெரளத்தான் செய்யும்,” என்றாள். வரிசை நகர்ந்தது. முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு அவர்களும் நகர்ந்தார்கள். அம்மாவுக்குப் போன் போட்டால் அம்மா அழுதாள். ஒரு வாரமாக ரொட்டிக் கடையில் அவளிடம் யாரும் பேசுவதில்லையாம். “நெசமாவே நீ சொல்லலையாடி?” என்று அம்மாவே கேட்டாள். பெற்றவளே கேட்டுவிட்டாள்.

எல்லாவற்றையும் ஹோரியாவிடம் கொட்டினாள். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

“ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. உன் ரெக்கார்டிங் எல்லாத்தையும் இன்னைக்கே அழிச்சுடச் சொல்றேன். அது சட்டம், உன் உரிமை. ஆனா குரல் அதுல இல்ல.”

“பின்ன எதுல இருக்கு?”

“பண்டிகைக்குக் கொசொனாக் ரொட்டி சுடறோமில்ல, சுட்டதுக்கப்புறம் அதுலேர்ந்து முட்டையைத் திருப்பி எடுன்னா எப்படி எடுக்கறது? உன் பேச்சு, சுச்சாவா ஊர்ப் பொண்ணு ஒருத்தியோட பேச்சு, பகாவ் ஊர்ப் பொண்ணோட பேச்சு, எல்லாம் கலந்து வெந்தாச்சு. வித்தும் ஆச்சு. இப்ப அது எங்கிட்ட இல்ல.”

“சரி, எடுக்க வேணாம். நான் ஸ்மராந்தா இல்லன்னாவது அதைச் சொல்லச் சொல்லுங்க.”

ஹோரியா டோருவைப் பார்த்தார். டோரு தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “வாடிக்கையாளர் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் மறுக்காதேன்னு சொல்லி வெச்சிருக்காங்க ஸ்மராந்தா. மறுத்தா போனை வெச்சுடறாங்களாம். டெலிபோன் கம்பெனி போட்ட விதி. நம்ம கையில இல்ல.”

“மெஷின்தான் பேசுதுன்னு சொல்லணுமே. அது சட்டம் இல்லையா?”

“சொல்லுதே! முதல்லயே சொல்லுது.”

“வேற குரல்ல சொல்லுது! ஆம்பளக் குரல்ல, ரயில் ஓடற வேகத்துல சொல்லுது. அப்புறம் என் குரல் வருது. அனேத்தா அத்தை என்ன நினைப்பாங்க? ஆம்பள மெஷினு போனை எடுத்து ஸ்மராந்தா கையில குடுத்துச்சுன்னு நினைப்பாங்க!”

டோருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று தரையைப் பார்த்தான்.

“வெளிய சொல்லுவேன்,” என்றாள் ஸ்மராந்தா. “ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போட்டேன்தான். கேஸ் போடுங்க. நடந்ததையெல்லாம் வீடியோ எடுத்துப் போடுவேன்.”

“போடும்மா,” என்றார் ஹோரியா. மிரட்டவில்லை, ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். “என்னன்னு சொல்லுவே? என் குரல்ல யாரு வேணா எது வேணா பேசலாம், நம்பாதீங்கன்னு. அப்ப நீ போடற வீடியோவை மட்டும் ஏன் நம்பணும்?”

அவள் நாலு வருஷம் மொழியும் இலக்கியமும் படித்தவள். வாய்ச்சண்டையில் வலேனியில் அவளை ஜெயித்தவர் இல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவள் வாயிலிருந்து எது வந்தாலும் அது அவளுடையதுதான் என்பதற்குச் சாட்சி இல்லை.

அவர் மேசை மேல் இருந்த டெலிபோனைப் பார்த்தாள். அதைத் தன் பக்கம் இழுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, மால்டாவியாவில் எல்லோருக்கும் மனப்பாடமான அந்த எண்ணை அழுத்தினாள். ஹோரியா தடுக்கவில்லை. ஆண் குரல் கடகடவென்று எதையோ ஒப்பித்துவிட்டுப் போனது. பிறகு அறைக்குள் அவளே வந்தாள்.

“வாங்க வாங்க! நல்லா இருக்கீகளா? சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?”

“நான் வலேனி ஸ்மராந்தா பேசறேன். அனேத்தா அத்தைக்கிட்ட நீ ஸ்மராந்தான்னு சொன்னே. அது பொய். உன்னாலதான் அவங்க கண்ணு போச்சு.”

“ஐயோ, என் தாயி! கேக்கவே நெஞ்சு பதறுதே.” அந்த ‘ஐயோ’வுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்த மூச்சு அது. “அம்புட்டும் என் தப்புதான், மன்னிச்சுக்கங்க.”

“மன்னிப்பு வேணாம். நீ யாரு, அதைச் சொல்லு. நீ ஸ்மராந்தாவா?”

“ஆமாங்க, ஸ்மராந்தாதான் பேசுறேன்.”

“அப்ப நான் யாருடி?” கத்திவிட்டாள். கத்தியபோது பல்கலைக்கழகம் கழுவிய நாக்கு எங்கோ போய், பட்டிக்காடு வந்துவிட்டது. “எங்கத்த கண்ண நீ குடுப்பியா? எங்காத்தா ரொட்டி வாங்கப் போக முடியல! நீ நாசமாப் போக!”

“உங்க கோவம் ஞாயந்தான். வெசனப்படாதீக. செவ்வாக்கெழமை ஆளு அனுப்புறேன். வீட்டுலயே இருங்க, எங்கயும் போயிராதீக.”

ஸ்மராந்தா வாயை மூடிக்கொண்டாள். மெஷின் நிறுத்தவில்லை. வீட்டில் எல்லோரும் சுகமா என்றது. குளிர் வந்துவிட்டதே, விறகு இருக்கிறதா என்றது. புதிதாக ஒரு திட்டம் வந்திருக்கிறது, கூடவே நூறு சேனல் இலவசம் என்றது.

அப்போதுதான் டோருவைக் கவனித்தாள். அவன் டெலிபோனைப் பார்க்கவில்லை. அவளுடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக இந்தக் குரலை இயக்குகிறவன், அது எப்படிச் செய்யப்பட்டது என்று அணு அணுவாகத் தெரிந்தவன். இருந்தும் மூடிய அவள் வாயையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தான். பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோல முகம் வெளுத்திருந்தது. அவனை அறியாமல் வலது கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

ஹோரியா எட்டிப் போனை வைத்தார். “பாரும்மா, இதை நீயே திருத்தலாம். புதுசா ஒரு வேலை வருது. குரலுக்குப் பயிற்சி குடுக்கற வேலை. எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு நீ கத்துக்குடு. உன்னைவிட அதுக்கு யாரு பொருத்தம்?”

அவர் பேசுவது காதில் விழுந்தது. அவள் ஜன்னலுக்குப் போயிருந்தாள். கீழே வரிசை கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. வலேனிப் பெண்கள் மருந்துக் கடை வாசலில் இருந்தார்கள். யாரோ கொடுத்த முட்டைக்கோஸ் சுருளை அனேத்தா அத்தை காகிதத் தட்டில் வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். முள் கரண்டி ஒரு தடவை தட்டுக்கு வெளியே குத்தியது. பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்துத் தட்டுக்குள் கொண்டுவந்து விட்டாள்.

அத்தைக்கு வலது கண் இருக்கிறது. ஸ்மராந்தா இனி எதையும் சொல்லி நம்பவைக்க முடியாது. ஆனால் அந்தக் கண்ணுக்கு நேரே போய் நின்று, இந்த எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்க முடியும். அத்தையின் கையை எடுத்துத் தன் உதட்டின் மேல் வைத்துக்கொள்ள முடியும். அது ஜோயானாவை விசாரிக்கட்டும். ஆமா அத்தே, நான்தான் என்று சொல்லட்டும். உதடு அசையாததை அத்தை விரலால் தெரிந்துகொள்ளட்டும்.

அதனால் கண் வராது. சித்து வேலை காட்டுகிறாள் என்று நாலு பேர் சொல்வார்கள். நாளைக் காலையிலும் மால்டாவியாவில் எத்தனையோ வீடுகளிலிருந்து போன் போடுவார்கள், அவள் குரல் எடுக்கும், செவ்வாய்க்கிழமை ஆள் வரும் என்று சொல்லும். அத்தனை வீட்டுக்கும் அவளால் நடந்துபோய் நிற்க முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்னம்மா, யோசிச்சுச் சொல்றியா?” என்றார் ஹோரியா.

அவள் கதவைத் திறந்தாள். டோரு பின்னாலேயே மாடிப்படிவரை ஓடி வந்தான். “ஏய், எங்கே போறே? இரு. கோவமா இருந்தா திட்டிட்டாவது போ. எதையாவது சொல்லேன் ஸ்மராந்தா!”

பையிலிருந்து போனை எடுத்து, அந்த எண்ணைத் தட்டி, அழைக்காமல் கையில் வைத்துக்கொண்டாள். உதட்டை இறுக்கியபடி படியிறங்கி, வாசல் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வரிசையை நோக்கிப் போனாள்.